அச்சம் கிளைவிட்ட கதை

1870களின் தொடக்கம். இத்தாலியில் மிலான் நகருக்குப் பக்கத்தில் அபியாதெகிராஸோ என்றொரு சிற்றூர். தீராத நோயாளிகளுக்கென அங்கே நடந்த மருத்துவமனையில் கமில்லோ கால்ஜி என்ற இளம் மருத்துவர் வேலைக்குச் சேர்ந்தார். மூளையை ஆராய வேண்டும் என்பது அவருடைய அடங்காத ஆசை. ஆய்வுக்கூடம்தான் இல்லை. குடியிருப்பின் சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். ஒரு நுண்ணோக்கி, சில ரசாயனங்கள், இரவில் மெழுகுவத்தி வெளிச்சம் இவையே கையிருப்பு. அன்றைய சாயங்களில் நனைத்தால் மூளையின் எல்லா நரம்பணுக்களும் ஒன்றாக நிறமேறி, எந்த இழை எந்த அணுவைச் சேர்ந்தது என்று பிரித்தறிய முடியாத குழப்பமே மிஞ்சியது. 1873இல் ஒரு மூளைத்துண்டு பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிக் கெட்டிப்பட்ட பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலுக்குள் போனது. அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த கால்ஜி, அதுவரை எந்த மனிதக் கண்ணும் பார்த்திராத ஒன்றைப் பார்த்தார்.

மஞ்சள் பின்புலத்தில் கன்னங்கரேலென்று நின்றது ஒற்றை நரம்பணு. உடல், கிளைகள், கிளைகளின் நுனிகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நெருக்கியடித்துக்கொண்டிருந்த அணுக்களில் நூற்றில் ஓரிரண்டு மட்டுமே கறுத்தன, மற்றவை கண்ணாடிபோல் விலகி நின்றன. அந்தச் சில அணுக்கள் மட்டும் ஏன் கறுக்கின்றன என்பதற்கு இன்றுவரை முழு விடை கிடைக்கவில்லை. 1887இல் மாட்ரிட்டில் இந்தச் சாயத்தைப் பார்த்து மயங்கிய சாந்தியாகோ ரமோன் இ கஹால் என்ற ஸ்பானியர், அணுவின் கிளைகளில் நுணுக்கமான முட்கள் முளைத்திருப்பதைக் கண்டார். அவை சாயம் ஒட்டிய பிசிறு என்று பலரும் தள்ளினார்கள். உயிருள்ள உறுப்புகள் என்று கஹால் பிடிவாதமாக நின்றார். 1906இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அந்த மேடையிலேயே கால்ஜி, கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். முட்களைப் பொறுத்தவரை கஹால் சொன்னதே சரி என்று பின்னால் நிரூபணமானது. ஆனால் ஓர் உயிர் பட்ட பயம் அந்த முட்களில் பதிந்திருக்கும் என்று அவர்கூட நினைத்திருக்க வழியில்லை.

அடுத்த திருப்பம் போர்க்களத்தில் வந்தது. முதல் உலகப்போரில் உடலில் காயமே இல்லாத சிப்பாய்கள் பேச்சிழந்தும் பார்வை மங்கியும் நடுங்கியும் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் அந்த நிலையை ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். குண்டுவெடிப்பின் அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டது என்பது முதல் ஊகம். பிறகோ, குண்டு வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாத சிப்பாய்களும் அதே நடுக்கத்தோடு வந்து நின்றார்கள். குலுக்கியது குண்டு இல்லையென்றால் வேறு எது?

விடையின் முதல் துண்டு ஒரு தோல்வியிலிருந்து கிடைத்தது. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே என்ற இளைஞர் புது ஹார்மோன் ஒன்றைத் தேடி, எலிகளுக்குச் சூலகச் சாற்றை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எலிகளின் அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று அவர் துள்ளினார். வேறு உறுப்புகளின் சாற்றைக் கொடுத்தாலும் அதே விளைவு வந்தது. வெறும் ஃபார்மலினைக் கொடுத்தபோதும் அதே மூன்றும் வந்தன. ஹார்மோன் கனவு உடைந்தது. மனம் நொந்திருந்த செல்யேக்கு அப்புறம்தான் உறைத்தது: எலிகளைப் பாதித்தது ஊசியில் இருந்த பொருள் இல்லை, அவை பட்ட பாடு. எந்தத் துன்பம் வந்தாலும் உடல் ஒரே விதமாக எதிர்வினை காட்டுகிறது என்று 1936இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய குறுங்கட்டுரைதான் மன அழுத்த ஆய்வின் தொடக்கம். சுரப்பிகளோடு நின்றுவிட்ட அந்தக் கதை மூளைக்குள் நுழைய இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யுவன், அட்ரினல் சுரக்கும் அழுத்த ஹார்மோன் மூளையில் எங்கே போய் அமர்கிறது என்று தேடினார். நினைவுகளைக் கோத்துவைக்கும் ஹிப்போகாம்பஸில் அது குவிந்துகிடந்தது. 1968இல் அந்த முடிவு வெளியானது. பின்னர், 1990 வாக்கில், அழுத்த ஹார்மோனைத் தொடர்ந்து கொடுத்த எலிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குவதை அவரது குழு கால்ஜியின் அதே கறுப்புச் சாயத்தில் கண்டது. அழுத்தம் மூளையைச் சுருக்கும் என்ற வாசகம் பாடமாகிவிட்டது. அந்தப் பாடத்தில் ஒரு பாதி விடுபட்டிருந்தது.

விடுபட்ட பாதி அமிக்டலா. இரு காதுகளின் நேர் உள்ளே, ஆழத்தில், பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் இரண்டு சிறு பகுதிகள். 1930களின் இறுதியில் ஷிகாகோவில் ஹைன்ரிக் க்ளூவரும் பால் பியூசியும் மூளையின் பக்க மடல்களை அகற்றிய குரங்குகள் பாம்பைக் கண்டும் அஞ்சவில்லை. அந்த அஞ்சாமைக்குக் காரணம் அமிக்டலா போனதுதான் என்பதை 1956இல் லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் காட்டினார். அச்சத்தின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. நீண்ட துயரம் அந்த இடத்தை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையில் மனிதர்களின் கதை வேகம் பிடித்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் அவதியை மறுக்க முடியாமல், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு எனப்படும் ‘பி.டி.எஸ்.டி.’ என்ற நோயைத் தன் கையேட்டில் சேர்த்தது. அழைக்காமல் வந்து நிற்கும் நினைவு, கெட்ட கனவு, சிறு ஓசைக்கும் தூக்கிவாரிப்போடும் உடல், நடந்த இடத்தைத் தவிர்க்கும் மனம் ஆகியவை அதன் அடையாளங்கள். அடுத்த ஆண்டே பெங்களூரு தன் கண்ணெதிரில் ஒரு பேரழிவைப் பார்த்தது.

1981 பிப்ரவரி 7. வீனஸ் சர்க்கஸ் கூடாரத்தில் தீப்பிடித்தது. உள்ளே பள்ளிக் குழந்தைகள் நிறைந்திருந்தார்கள். தீயிலும் நெரிசலிலும் மாண்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். நகரத்தின் ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தின் மருத்துவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் துயரத்தை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1987இல் அந்நிறுவனத்தின் இதழில் வெளியானது. அதற்குள் இன்னும் பெரிய சோதனை வந்திருந்தது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு கடந்து போபாலில் விஷவாயு கசிந்தது. கண்ணுக்கும் நுரையீரலுக்கும் மருத்துவர்கள் விரைந்தார்கள். மனத்துக்கு யாரும் வரவில்லை. அந்த நகரத்து மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவரே இல்லை. சுமார் எட்டு வாரம் கழித்து, 1985 பிப்ரவரியில்தான் நிம்ஹான்ஸின் ஆர். சீனிவாச மூர்த்தி போன்றவர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட பகுதிகளில் வேலை செய்த பொது மருத்துவர்களுக்கே மனநலப் பயிற்சி கொடுத்து அனுப்பும் வழி பிறந்தது. இந்தியாவில் பேரிடர் மனநலச் சேவைக்கு அதுதான் முன்மாதிரி. ஆனால் அந்த எட்டு வாரத்துக்குள் மூளையில் என்ன நடந்து முடிந்திருந்தது என்று அப்போது சொல்லக்கூடியவர் உலகத்திலேயே எவரும் இல்லை.

1995இல் ஜே. டக்ளஸ் பிரெம்னர் குழு, பி.டி.எஸ்.டி. உள்ள 26 வியட்நாம் வீரர்களின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தது. வலப்பக்க ஹிப்போகாம்பஸ் மற்றவர்களுடையதைவிட 8 சதவீதம் சிறிதாக இருந்தது. மறு ஆண்டு ஸ்காட் ராவ்ச் குழு, நோயாளிகள் தங்களுக்கு நேர்ந்ததைத் திரும்பக் கேட்கும்போது மூளையைப் படம் பிடித்தது. அமிக்டலாவில் ரத்த ஓட்டம் பெருகியது. பேச்சுக்குத் துணைநிற்கும் ப்ரோக்கா பகுதியில் குறைந்தது. பலருக்கு அந்த நேரத்தில் வாய் அடைத்துப்போவதற்கு அது ஒரு தடயம். ஹிப்போகாம்பஸ் சுருங்கினால் நினைவு சிதையும், அது சரி. அச்சம் மட்டும் ஏன் சுருங்காமல் ஆண்டுக்கணக்கில் கொழுந்துவிடுகிறது? சுருக்கத்தை மட்டுமே படித்திருந்த விஞ்ஞானம் இங்கே திகைத்து நின்றது.

பெங்களூரின் வடக்கே, ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் உயிரியல் மையம் என்.சி.பி.எஸ். அமெரிக்காவில் ஆய்வு செய்துவிட்டு 1999இல் சுமந்த்ரா சட்டர்ஜி அங்கே வந்து சேர்ந்தார். ஊரும் அவருக்குக் கைகொடுத்தது. நிம்ஹான்ஸில் தேசிராஜு, டி.ஆர். ராஜு ஆகியோரின் கூடத்தில் கால்ஜி சாயம் ஏற்கெனவே பழகிப்போன கைத்தொழில். மூளைக்குள் இன்பம் தரும் புள்ளியைத் தானே தூண்டிக்கொள்ளப் பழகிய எலிகளின் நரம்பணுக்களில் கிளை பெருகுவதை 1993லேயே அங்கே காட்டியிருந்தார்கள். அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் பி.எஸ். சங்கரநாராயண ராவ். கட்டிப்போட்ட எலிகளின் ஹிப்போகாம்பஸையும் 1995இல் அக்கூடம் ஆராய்ந்திருந்தது. சட்டர்ஜி, ராவ், ஆய்வு மாணவர்கள் அஜய் வியாஸ், ரூப்ஷி மித்ரா நால்வரும் கைகோத்தபோது, இத்தாலியச் சமையலறையின் சாயம் யாரும் பார்க்காத மூலைக்குள் இறங்கியது.

எலிகளை அசைய முடியாத பைக்குள் தினம் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். பத்து நாள். பிறகு மூளையை எடுத்துச் சாயத்தில் ஊறவைத்து, ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவினார்கள். நுண்ணோக்கியோடு வரைகுழாய் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. ஒரு கண் வழியே நரம்பணுவும் பென்சில் பிடித்த கையும் சேர்ந்து தெரியும் கருவி அது. ஒவ்வொரு கிளையையும் கையால் தடம்பிடித்து வரைய வேண்டும். அணுவின் உடலை மையமாக வைத்து வட்டங்கள் போட்டு, எந்த வட்டத்தை எத்தனை கிளை வெட்டுகிறது என்று எண்ண வேண்டும். ஹிப்போகாம்பஸ் அணுக்கள் எதிர்பார்த்தபடியே சுருங்கியிருந்தன. அடுத்து அமிக்டலாவின் தாள்களை எண்ணினார்கள். கணக்கு தலைகீழாக வந்தது.

அமிக்டலாவின் அணுக்கள் கிளைவிட்டுப் பெருத்திருந்தன. ஒரே எலி, ஒரே துன்பம், ஒரே ரத்தத்தில் ஓடிய ஒரே ஹார்மோன். நினைவின் பகுதி வாடியபோது அச்சத்தின் பகுதி தழைத்திருந்தது. தரையிலிருந்து உயர்த்தி, இரு கைகளுக்குச் சுவரும் இரு கைகளுக்கு வெட்டவெளியுமாக அமைத்த கூட்டல் குறி வடிவ மேடையில் விட்டபோது, அந்த எலிகள் வெட்டவெளிப் பக்கம் போகத் தயங்கின. 2002இல் ‘ஜர்னல் ஆஃப் நியூரோசயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. அதே ஆண்டு இன்னொரு இடியும் விழுந்தது. மார்க் கில்பர்ட்சன் குழு, போருக்குப் போன வீரர்களையும் போகாத அவர்களது இரட்டைப் பிறவிகளையும் ஒப்பிட்டது. பி.டி.எஸ்.டி. வந்த வீரரின், போருக்கே போகாத சகோதரனின் ஹிப்போகாம்பஸும் சிறியதாகவே இருந்தது. சிறிய ஹிப்போகாம்பஸ் அதிர்ச்சியின் விளைவாக மட்டுமல்ல, அதிர்ச்சிக்கு ஆளாகும் பிறவிப் பலவீனமாகவும் இருக்கலாம் என்று ஆயிற்று. சுருக்கத்தின் கதை ஆட்டம் காண, எல்லாக் கண்களும் பெங்களூரு காட்டிய தழைப்பின் பக்கம் திரும்பின. அந்தத் தழைப்பு ஓய்வெடுத்தால் உதிர்ந்துவிடுமா?

எலிகளுக்கு 21 நாள் முழு ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்கு மீண்டது. அமிக்டலா மீளவில்லை. பயமும் போகவில்லை. 2004இல் வெளியான இந்த முடிவு, ஆபத்து நீங்கிய பின்னும் அச்சம் நீங்காத மனிதர்களின் நிலையை அப்படியே எதிரொலித்தது. அடுத்து மித்ரா எழுப்பிய கேள்விதான் கதையின் உச்சம். போபாலும் சர்க்கஸ் தீயும் பத்து நாள் நடந்தவை இல்லையே. ஒரே ஒரு தடவை நேர்ந்தால்?

ஒரே ஒரு முறை, இரண்டே மணி நேரம் எலிகளைக் கட்டிப்போட்டார்கள். மறுநாள் அமிக்டலாவைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. எலியின் நடத்தையிலும் மாற்றம் இல்லை. சோதனை தோற்றது என்று அங்கேயே மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் மூடவில்லை. பத்து நாள் காத்திருந்து மீண்டும் பார்த்தார்கள். கிளைகளின் நீளம் மாறவில்லை. ஆனால் கிளைகளின்மேல், பலரும் பிசிறென்று ஒதுக்கிய, கஹால் உயிரென்று வாதாடிய அந்த முட்கள் புதிதாக முளைத்துப் பெருகியிருந்தன. ஒவ்வொரு முள்ளும் இன்னொரு நரம்பணு வந்து சேரும் சந்திப்பு. எலிகளும் இப்போது அஞ்சின. அதிர்ச்சி அன்றோடு முடிந்திருந்தது. அச்சம் அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லக் கட்டப்பட்டிருந்தது. 2005இல் இது அமெரிக்க அறிவியல் கழகத்தின் ‘பி.என்.ஏ.எஸ்.’ இதழில் வந்தது. பத்து நாள் அவகாசம் இருக்கிறதென்றால், கட்டும்போதே தடுக்க முடியுமா?

ஜெர்மனியின் மூனிக்கில் குஸ்டாவ் ஷெல்லிங் என்ற மருத்துவர் விசித்திரமான ஒன்றைக் கவனித்திருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடியவர்களில், ஹைட்ரோகார்டிசோன் பெற்றவர்களுக்குப் பின்னாளில் பி.டி.எஸ்.டி. குறைவாக வந்தது. அழுத்த ஹார்மோனே அழுத்தத்துக்குக் கவசமா? பெங்களூரில் ராஜ்னீஷ் ராவ் உள்ளிட்டோர் மெக்யுவனோடு சேர்ந்து எலிகளில் சோதித்தார்கள். குடிநீரில் ஹார்மோனைக் கலந்து முன்கூட்டியே கொடுத்த எலிகளுக்குப் பத்தாம் நாள் முட்கள் பெருகவில்லை. இதைவிட வியப்பு ஒப்பீட்டுக் குழுவில் காத்திருந்தது. அதிர்ச்சிக்கு முன்பு மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்ட எலிகளும் தப்பியிருந்தன. சோதனை கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வைக்கும் முடிவு. ஆராய்ந்தபோது, ஊசி குத்திய சிறு வலியே ஹார்மோனைச் சற்று உயர்த்தி அவற்றைக் காத்தது தெரிந்தது. எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் செல்யேயின் கனவை உடைத்த அதே ஊசித் துன்பம், 2012இல் விடையாக வந்தது.

2016இல் ஃபர்ஹானா யாஸ்மின் உள்ளிட்டோர், அதிர்ச்சி நேரும் வேளையிலேயே அமிக்டலாவில் நரம்பணுக்கள் சமிக்ஞை பெறும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை அடைத்துவிட்டால் பத்தாம் நாள் விளைவு வருவதில்லை என்று காட்டினார்கள். பேரிடர் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால், நடந்த பிறகு கொடுத்தால் பலிக்குமா என்ற கேள்வியே நோயாளிக்கு முக்கியம். அதிர்ச்சிக்குப் பிறகு ஹார்மோன் கொடுத்தாலும் எலிகள் தப்புகின்றன என்று பிரபாஹன் சக்ரவர்த்தி உள்ளிட்டோரின் ஆய்வு 2020இல் சொன்னது. அதே ஆண்டு ஜனவரியில் மெக்யுவன் காலமானார்.

இப்படித்தான் அந்தப் படம் பிறந்தது. மன அழுத்தமும் மூளையும் பற்றிய பாடங்களில் இன்று சாதாரணமாக இடம்பெறும் கறுப்புக் கோட்டோவியம்: ஒரு பக்கம் சுருங்கிய நரம்பணு, மறுபக்கம் கிளைவிட்டுப் பரந்த நரம்பணு. பார்த்ததும் புரிந்துவிடுவதால், அது எங்கே வரையப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. அதன் பாதி முதலில் மெக்யுவனின் நியூயார்க்கில் வரையப்பட்டது. அதை முழுமையாக்கிய மறுபாதி, பெங்களூரின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் வரைகுழாயில் கண்வைத்துக் கையால் தடம்பிடிக்கப்பட்டது.

அது எலியின் மூளை. உயிரோடிருக்கும் மனிதரின் அமிக்டலாவில் முட்களை எண்ண வழியில்லை. மனிதருக்கும் பத்து நாள்தான் கணக்கு என்று யாரும் நிறுவவில்லை. ஹைட்ரோகார்டிசோனும் பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கும் வழக்கமான சிகிச்சையாகிவிடவில்லை, தானாக எடுத்துக்கொள்ளும் மருந்தும் அல்ல. ஆனாலும் பெங்களூரின் எலிகள் ஒரு பழைய அவச்சொல்லைத் துடைத்துவிட்டன. விபத்துக்கு மறுவாரமும் மறுமாதமும் நடுங்குகிறவரை, மனவலிமை இல்லாதவர் என்றும் அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தார் என்றும் பழிக்க இனி இடமில்லை. அன்றைக்கு நன்றாக இருந்ததும் உண்மை, இன்றைக்கு நடுங்குவதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் மூளை வேலை செய்திருக்கிறது.

போபாலில் எட்டு வாரம் தாமதமான உதவி, 2004 சுனாமியில் நாகப்பட்டினத்துக்கும் மற்றக் கரைகளுக்கும் விரைவாகவே போனது. நிம்ஹான்ஸ் பயிற்சியளித்த உள்ளூர்த் தொண்டர்கள் முகாம்களில் வேலை செய்தார்கள். பேரிடரில் மனநல உதவிக்கான தேசிய வழிகாட்டு நெறிகள் 2009இல் வந்தன. முதல் நாட்களில் செய்ய வேண்டியது, நடந்ததை வற்புறுத்திச் சொல்ல வைப்பது அல்ல. பாதுகாப்பான இடம், தூக்கம், உறவினரின் அருகாமை, கேட்டால் கிடைக்கும் துணை இவையே முதலுதவி. 2022 அக்டோபர் 10 முதல் நிம்ஹான்ஸ் ஒருங்கிணைப்பில் நடக்கும் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசுகிறது. பேரிடர் நிவாரணப் பட்டியலில் அரிசி, போர்வை, குளோரின் மாத்திரையோடு மனநலக் குழுவும் முதல் வண்டியிலேயே ஏற வேண்டும். மூளை தரும் அவகாசம் சில நாட்களாகவே இருக்கலாம்.